மெதுவா வாங்க

ஒச்சம்மாளின் பிள்ளை ஏழெட்டு வருஷம் வயிற்றுக்குள்ளேயே இருந்தது என்பதைச் சாலிமேட்டுக்காரர்கள் யாரும் ஒரு அதிசயமாகச் சொல்வதில்லை. ஏழா எட்டா என்று வேண்டுமானால் டீக்கடையில் மல்லுக்கட்டுவார்கள். அவர்கள் வாயைப் பிளந்து சொல்வதெல்லாம், அந்த வருஷங்களில் தர்மாஸ்பத்திரியின் பின்கட்டுக் குழாய் ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் இருந்ததையும், கேட்ட நேரத்துக்கு வெந்நீர் கிடைத்ததையும், ஊசி போட்டுவிட்டு வெளியே வந்த பிறகுதான் ஊசி போட்டதே ஞாபகம் வந்ததையும்தான். பிள்ளை தங்குவதும் வருவதும் அதன் இஷ்டம், அதில் நாம் சொல்ல என்ன இருக்கிறது, ஆனால் ஒழுகாத ஆஸ்பத்திரிக் குழாயை நீங்கள் எந்த ஊரில் பார்த்தீர்கள் என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். அந்தக் குழாய்க்குப் பழைய செருப்பை அறுத்து வாஷர் போட்டவள் ஜெபக்கனி. இது அவள் கதை.

சாலிமேடு மலையடிவாரத்து ஊர். மேலே எஸ்டேட்டுகளில் பறிக்கிற ஏலக்காய் முழுக்க இங்கே இறங்கித்தான் ஏலம் போகும். விடிந்தால் வேலைக்குப் போகிற பொம்பளைகளை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் மலையேறும், பொழுது சாய இறங்கும். நடுவில் ஊரில் இருக்கிறவர்கள் களத்தில் உட்கார்ந்து காய் பிரிப்பார்கள், கொழுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், வாய் மட்டும் எல்லாப் பக்கமும் போகும். காற்று திரும்பினால் ஊரே பாயசம் வைத்த வீடு மாதிரி மணக்கும். ஏல வியாபாரிகள் சங்கம் கட்டிய தர்மாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, ஒரு கம்பவுண்டர், ஒரு சிஸ்டர். இந்த ஒரு சிஸ்டர் என்பதை மறந்துவிடாதீர்கள். இன்னொருத்திக்குச் சங்கத்துச் சட்டத்தில் இடம் கிடையாது.

அந்த ஒரு சிஸ்டர் ஒச்சம்மாள். அவள் தெருவிலிருந்து முதன்முதலாக வெள்ளை யூனிபாரம் போட்டுக்கொண்டு வெளியே நடந்த பெண். ஜீப் ஓட்டுகிற தவசியைக் கட்டி, வெகுகாலம் காத்திருந்து உண்டாகி, மாதம் நெருங்கியதும் பிரசவ லீவு கேட்டாள். அவளுக்குப் பதிலாக மதுரை ஏஜென்சிக்காரர்கள் பஸ் ஏற்றிவிட்ட ஆள் ஜெபக்கனி.

ஜெபக்கனிக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று, அண்ணன் வீட்டில் அண்ணி இருக்கிறாள், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கூப்பிட்டால் போகிற வேலை அவளுக்கு. எந்த ஊரில் எந்த நர்சுக்குக் கல்யாணமானாலும், கால் முறிந்தாலும், அம்மை போட்டாலும் ஏஜென்சியிலிருந்து போன் வரும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். போன இடத்தில் அடுத்தவள் நாற்காலி, அடுத்தவள் டம்ளர், அடுத்தவள் பெயர் எழுதிய அலமாரி. எந்தக் குழந்தை ஊசியைப் பார்த்து அழும், எந்தப் பெரியவர் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்து அப்புறம் துப்புவார் என்பதெல்லாம் பிடிபட்டு, அப்பாடா என்று உட்காருகிற நேரம் பார்த்து நாற்காலிக்காரி தெம்பாகத் திரும்பி வந்துவிடுவாள். நல்லபடியாக நாலு வார்த்தை சொல்லி, ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவார்கள். பெட்டியிலிருக்கிற துணியை ஜெபக்கனி வெளியே எடுத்து அடுக்கியதே இல்லை. மேலே இருப்பதை எடுத்து உடுத்துவாள், துவைத்துக் காய்ந்ததை மேலேயே வைப்பாள், அடியில் கிடந்த நீலப் புடவையை அவள் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமும் கூப்பிட்டால் போகலாம் என்றுதான் இருந்தாள், யாரும் கூப்பிடவில்லை.

சாலிமேட்டில் இந்த மாதிரி வருகிறவர்களுக்குப் பெயர் பதில் ஆள். தவசிக்குக் காய்ச்சல் என்றால் ஜீப்புக்குப் பதில் டிரைவர், வாத்தியார் லீவு என்றால் பதில் வாத்தியார். ஆக ஜெபக்கனி பஸ்ஸை விட்டு இறங்கின நிமிஷத்திலிருந்து பதில் சிஸ்டர். பெயர் என்ன என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போகப்போகிறவளுக்குப் பெயர் எதற்கு என்று அவளுக்கே பழகிப்போயிருந்தது.

ஒச்சம்மாள் பொறுப்பு ஒப்படைத்த காலை நேரத்தை ஜெபக்கனி கடைசிவரை மறக்கவில்லை. பெரிய வயிற்றோடு மூச்சு வாங்க ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போனாள். பின்கட்டுக் குழாய் ஒழுகும், வாளி வைக்கணும். கம்பவுண்டர் பஞ்சு எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார், திரியாகத் திரித்துக் கோயிலுக்குத்தான் கொடுக்கிறார், கண்டுகொள்ள வேண்டாம். ஜீப் கவிழ்ந்தது என்று சேதி வந்தால் டாக்டரம்மாவுக்கு முதல் கொஞ்ச நேரம் கை நடுங்கும், பக்கத்தில் போய்ப் பேசாமல் நின்றால் போதும், சரியாகிவிடும். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லும்போதே, பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டில் விட்டுப் போகிறவளின் கவலை அவள் முகத்தில் இருந்தது. சாவிக்கொத்தைக் கொடுத்ததும் ஜெபக்கனி அவள் வயிற்றில் கைவைத்து, உள்ளே இருக்கிற பிள்ளையிடம் மரியாதையாகச் சொன்னாள்.

"மெதுவா வாங்க. ஒண்ணும் அவசரமில்ல."

இதைச் சொல்லாத தமிழர் யார் இருக்கிறார்கள். விருந்துக்கு வருகிறவர் பாதி வழியில் போன் பண்ணுவார். இங்கே இலை போட்டாயிற்று, சோறு ஆறுகிறது, வயிறு காந்துகிறது, இருந்தாலும் மெதுவா வாங்க, அவசரமில்ல என்போம். கேட்கிறவருக்கும் சூட்சுமம் தெரியும், ஓட்டமாக ஓடி வருவார். ஜெபக்கனியும் எத்தனையோ வயிற்றைத் தடவி இதைச் சொல்லியிருக்கிறாள், அதெல்லாம் வெறும் வாய் உபசாரம். அன்றைக்கு என்னவோ, ஜன்னல் வழியாக ஏலக்காய் மணம் வந்தது, களத்தில் யாரோ சிரித்தார்கள், பின்கட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது, இதை நாமே சரிபண்ணிவிடலாமே என்று தோன்றியது, அந்தத் தோன்றலோடு சேர்ந்து வந்துவிட்டது அந்த வார்த்தை. அடிவயிற்றிலிருந்து வந்த வார்த்தை. வயிற்றுக்குள் இருப்பவருக்கு அது தெரியாதா என்ன.

தேதி வந்தது, போனது. டாக்டரம்மா சில சமயம் தள்ளிப்போகும் என்றார். அது தள்ளித் தள்ளி, ஒரு ஏலப் பருவம் முடிந்து அடுத்த பருவமும் வந்தது. மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் பார்த்தார்கள். பிள்ளை திடமாக, சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்று இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. வளரவுமில்லை, வாடவுமில்லை. அறுத்து எடுத்துவிடலாமா என்று அங்கே இருந்த பெரிய டாக்டர் கேட்க, தாய்க்கும் நோவில்லை, பிள்ளைக்கும் குறைவில்லை, சாப்பிட உட்கார்ந்தவரைக் கையைப் பிடித்து எழுப்பலாமா என்று தவசி கேட்டான். திரும்பி வந்தார்கள்.

அதற்கப்புறம் ஊர் அதை எடுத்துக்கொண்டது. அழைத்தாயிற்று, புறப்பட்டாயிற்று, இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதானே என்று பிள்ளைக்கு விருந்தாளி என்று பெயர் வைத்தார்கள். வருஷா வருஷம் ஒச்சம்மாளுக்கு வளைகாப்பு நடந்தது, மணிக்கட்டில் தொடங்கிய வளையல் முழங்கையைத் தாண்டியது, அவள் நடந்து வந்தால் ரெண்டு தெருவுக்கு முன்னாலேயே சத்தம் வந்துவிடும். மலைக்குப் போகிற ஜீப்புகள் அவள் வீட்டு வாசலில் நின்று போகும், பொம்பளைகள் கையை நீட்டி வயிற்றைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டால் அன்றைக்கு அட்டைக்கடி குறைச்சல் என்று ஒரு நம்பிக்கை. சொட்டு மருந்து முகாம் வந்தால் விருந்தாளிக்கு உண்டானதை ஒச்சம்மாளே வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். வயது வந்ததும் பள்ளிக்கூடத்து டீச்சர் வீடு தேடி வந்து பெயர் சேர்த்துக்கொண்டார், வருகை மட்டும் போடவில்லை. விருந்தாளியும் சும்மா இருக்கவில்லை, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும், ஆமாம் என்றால் ஒரு உதை, இல்லை என்றால் ரெண்டு உதை. மழை வருமா, மகன் பாஸாவானா என்றெல்லாம் கேட்டுப் பார்த்தார்கள். அதற்கெல்லாம் அது உதைக்கவில்லை, தெரியாததைச் சொல்லாத பிள்ளை என்று இன்னும் மதிப்பு கூடியது.

லீவு என்றால் பிள்ளை பிறந்து முடிகிற வரைக்கும் லீவு. லீவு நீண்டால் பதில் ஆளும் நீள வேண்டியதுதானே. ஜெபக்கனி பெட்டியைத் திறந்து அடிவரைக்கும் எடுத்தாள். நீலப் புடவை மடிப்பில் இற்றுப்போயிருந்தது, அதைத் திரைச்சீலையாகத் தைத்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தனக்கு ஒதுக்கிய அறை ஜன்னலில் மாட்டினாள். குழாய்க்கு வாஷர் போட்டாள். அப்புறம் போகப்போகிற யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள், கம்பவுண்டர் வீட்டிலிருந்து ஒரு முருங்கைப் போத்தை வாங்கிவந்து அறை ஓரமாக ஊன்றி, உச்சியில் சாணி உருண்டை வைத்தாள். அது பிடித்துக்கொண்டது. காய்த்தது. இலைச்சோறும் முருங்கைக்காய்க் குழம்புமாக ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, ஒச்சம்மாள் வளையல் குலுங்க வந்து உட்காருவாள், ஜெபக்கனி பரிமாறுவாள், வார்டில் யாருக்கு என்ன என்று ஒருத்தி கேட்க ஒருத்தி சொல்ல, பொழுது எப்படிப் போனது என்றே தெரியாது. இத்தனை வயதில் ஜெபக்கனிக்கு வாய்த்த முதல் சிநேகிதி அவள்தான். மற்ற ஊர்களில் நாற்காலிக்காரியை அவள் முதல் நாளும் கடைசி நாளும் மட்டுமே பார்த்திருந்தாள்.

பதில் என்ற சொல் உதிர்ந்த நாளும் அவளுக்கு ஞாபகம் உண்டு. கொண்டை ஊசி வளைவில் ஒரு ஜீப் கவிழ்ந்து, பச்சைக் கறை பிடித்த கைகளோடு பொம்பளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டரம்மாவுக்குக் கை நடுங்கியது. ஜெபக்கனி போய்ப் பக்கத்தில் பேசாமல் நின்றாள், நடுக்கம் நின்றது, சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் தையல் போட்டார்கள், ஒரு உயிரும் போகவில்லை. எல்லாம் ஓய்ந்து வாசலில் வந்து நின்றபோது, காயம்பட்ட ஒருத்தியின் புருஷன் காபி வாங்கி வந்து, "சிஸ்டர், குடிங்க" என்றான். வெறும் சிஸ்டர். ஜெபக்கனி காபியைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள், ஆறிப்போன பிறகுதான் குடித்தாள், அதைவிட ருசியான காபி அவள் வாழ்க்கையில் கிடைக்கவில்லை.

சந்தேகம் ஒன்று மட்டும் அவள் நெஞ்சில் முள்ளாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒச்சம்மாள் சாப்பிட்டு அசந்து தூங்கும்போது, வயிற்றில் கைவைத்து, நான் சொன்னதால்தான் நீ வரவில்லையா என்று மெல்லக் கேட்டாள். உள்ளேயிருந்து ஒரே ஒரு உதை. ஜெபக்கனி கையை எடுத்துக்கொண்டாள். இப்போதே கூப்பிட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள், ஜன்னலில் நீலத் திரை ஆடியது, முருங்கை பூத்திருந்தது, அடுத்த வாரம் கூப்பிடலாம் என்று எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்தாள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

சங்கத்துச் செக்ரட்டரி சென்றாயப் பெருமாள் நல்ல மனுஷர், எதையும் ஒத்திப்போடுவதில் கெட்டிக்காரர். அவராலும் ஒத்திப்போட முடியாதபடி ஒரு நாள் மேலே இருந்து கேள்வி வந்தது, ஒரு வேலைக்கு எப்படி ரெண்டு பேர் இருக்கிறார்கள், லீவு என்றால் அதற்கு ஒரு கணக்கு வேண்டாமா என்று. சங்கம் கூடிப் பேசியது. ஆவணியில் புதுக்காய் ஏலம் தொடங்குவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டால் ஒச்சம்மாள் வேலை ஒச்சம்மாளுக்கு. இல்லையென்றால் அவள் பெயரை அடித்துவிட்டு ஜெபக்கனியை நிரந்தரம் ஆக்குவது. செக்ரட்டரி தானே ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னார், சொல்லும்போது ஜெபக்கனியின் முகத்தைப் பார்க்கவில்லை, குழாயைப் பார்த்தே பேசினார்.

நிரந்தரம். அந்தச் சொல்லை ஜெபக்கனி கோயில் பிரசங்கத்தில்தான் கேட்டிருக்கிறாள், பரலோகத்தைப் பற்றிப் பேசும்போது. தன் பெயருக்குப் பக்கத்தில் அது வந்து நிற்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள், உடனே வெட்கப்பட்டாள், மறுபடியும் சிரிப்பு வந்தது. ஒன்றுமே செய்ய வேண்டாம், பேசாமல் இருந்தால் போதும், ஆவணி தானாக வந்துவிடும். ஊருக்கும் தர்மசங்கடம். ரெண்டும் நம் பிள்ளைகள், யாருக்கு என்று வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் காய் பிரிக்கிற களத்தில் முதன்முறையாகப் பேச்சுக் குறைந்தது. ஜீப் பொம்பளைகள் வயிற்றைத் தொட்டார்கள், எதையும் கேட்காமல் போனார்கள்.

ஆடி மாசத்தில் ஒரு மத்தியானம் முருங்கைக்கீரை கொடுக்க ஜெபக்கனி ஒச்சம்மாள் வீட்டுக்குப் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. ஒச்சம்மாள் வாரா வாரம் தன் யூனிபாரத்தைக் கஞ்சிபோட்டு, நீலம் போட்டு, தேய்த்து ஆணியில் மாட்டிவைப்பாள் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இன்றைக்கு அதை அவள் போட்டிருந்தாள். வயிற்றுக்குமேல் பித்தான் எட்டவில்லை, ரெண்டு பக்கத்தையும் ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, யாரும் இல்லாத அறையில், "அடுத்தது யாரு?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எத்தனை நாளா காய்ச்சல்?" என்றாள். ஜெபக்கனி கீரையை வாசலிலேயே வைத்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி நடந்தாள். வழியெல்லாம் அழுதாள். பார்த்தவர்கள் வெயில் கண்ணைக் கூசுகிறது என்று நினைத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரெண்டு பேரும் முறத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"ஒச்சு, நான்தான் அதை மெதுவா வரச் சொன்னேன். நான் சொன்னதாலதான் அது வரல."

ஒச்சம்மாள் ஆய்வதை நிறுத்தவில்லை. "தெரியும்க்கா. என் வயித்துல கையை வச்சுத்தான சொன்னீக, எனக்குக் காது கேக்காதா?"

"பெறகு ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"அது வந்துட்டா நீங்க போயிருவீகள்ல."

ஜெபக்கனி கையிலிருந்த கீரையை முறத்தில் போட்டாள். யார் போனாலும் வாழைப்பழச் சீப்பு கொடுத்து அனுப்புகிற உலகத்தில், ஒருத்தி இத்தனை வருஷம் வயிற்றில் பாரம் சுமந்துகொண்டு தன்னைப் போகவிடாமல் வைத்திருக்கிறாள். வேலை போய்விடும் ஒச்சு என்று கடைசியாகச் சொன்னாள். போகட்டும், உங்களுக்குத்தானே போகிறது என்றாள் ஒச்சம்மாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், ஆனால் கீரையை விட்டுவிட்டுக் காம்பை மட்டும் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெபக்கனி கையைக் கழுவிக்கொண்டு வந்து வயிற்றில் வைத்து, சீக்கிரம் வா என்றாள். ரெண்டு உதை. கெஞ்சினாள். பள்ளிக்கூடத்தில் இடம் காலியாக இருக்கிறது, அப்பா ஜீப்பில் முன் சீட்டில் உட்காரவைப்பார், முருங்கைக்காய்க் குழம்பு வைத்துத் தருகிறேன் என்று என்னென்னவோ ஆசை காட்டினாள். ரெண்டு உதை, ரெண்டு உதை. வாய் உபசாரத்துக்கு மயங்குகிற பிள்ளையா அது. கூப்பிடுகிறவள் மனசு கூப்பிடவில்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது.

அவள் எழுந்து அறைக்குப் போனாள். பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தாள், தூசி தட்டினாள், அலமாரியில் இருந்ததையெல்லாம் அடியிலிருந்து அடுக்கினாள். நீலத் திரையைக் கழற்றி மடித்தாள். முருங்கைக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாள். குழாயை ஒருமுறை திறந்து மூடி, ஒழுகவில்லை என்று பார்த்துக்கொண்டாள். ஒவ்வொன்றைச் செய்யும்போதும் ஒரு பிடி அவளுக்குள் கழன்றது. பெட்டியும் கையுமாகத் தெருவில் அவள் நடந்து வருவதைப் பார்த்து, களத்தில் காய் பிரித்தவர்கள் அப்படியே எழுந்து பின்னால் வந்தார்கள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒச்சம்மாள் முன்னால் பெட்டியை வைத்தாள். சாவிக்கொத்தை அவள் மடியில் வைத்தாள். அப்புறம்தான் வயிற்றில் கைவைத்தாள்.

"வா தாயி. நான் கிளம்பணும்."

ஒரு உதை. அதைத் தொடர்ந்து வலி.

சோப்பு நுரை போட்டு வளையல்களைக் கழற்றுவதற்கே ஆறு பொம்பளைகள் வேண்டியிருந்தது. டாக்டரம்மாவின் கை அன்றைக்கும் நடுங்கியது, ஜெபக்கனி பக்கத்தில் நின்றாள். மலைக்குப் போன ஜீப்புகள் இறங்கி வந்து ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நிற்கிற நேரம், பெண் பிள்ளை பிறந்தது. தலைமுடி தோள்வரைக்கும் இருந்தது, மற்றபடி எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான். வந்ததும் அழவில்லை, சுற்றி நின்ற ஒவ்வொருத்தர் முகத்தையும் நிதானமாகப் பார்த்தது, ஜெபக்கனியைப் பார்த்ததும்தான் அழுதது. ரெண்டு கையையும் சேர்த்து எல்லோருக்கும் கும்பிடு போட்டது என்று சொல்கிறவர்களும் உண்டு, கை தற்செயலாகச் சேர்ந்திருக்கலாம்.

பிள்ளை வந்தாயிற்று, அது போதும் என்று சங்கம் ஒத்துக்கொண்டது. ஒச்சம்மாள் உடம்பு தேறி, யூனிபாரத்துப் பித்தான் எட்டி, வார்டு ஓரத்தில் தொட்டில் கட்டிக்கொண்டு வேலைக்கு வருகிற வரைக்கும் ஜெபக்கனிதான் பார்த்துக்கொண்டாள். வந்த அன்றைக்கு ஏஜென்சியிலிருந்து போனும் வந்தது, கரூரில் ஒருத்திக்கு மஞ்சள் காமாலை.

பஸ் ஸ்டாண்டில் ஊரே நின்றது. வாழைப்பழம் மட்டும் ஒரு மூட்டை சேர்ந்தது. பெட்டியை ஏற்றியாயிற்று, கண்டக்டர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். போகிறவர்கள் போறேன் என்று சொல்லக்கூடாது, அது அபசகுனம், போயிட்டு வர்றேன் என்று சொல்ல வேண்டும், திரும்பி வரப்போவதில்லை என்று ரெண்டு தரப்புக்கும் தெரிந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஜெபக்கனியும் ஒவ்வொரு ஊரிலும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறாள், ஒரு ஊருக்கும் திரும்பிப் போனதில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஒச்சம்மாளின் தோளில் கிடந்த விருந்தாளி தலையைத் திருப்பி, கண்ணை இமைக்காமல் அவள் வாயையே பார்த்தது.

போயிட்டு வர்றேன் என்று சொன்னால் இது காத்திருக்கும். ஒரு வார்த்தைக்காக வயிற்றுக்குள்ளேயே வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த பிள்ளை, இந்த பஸ் ஸ்டாண்டில் எத்தனை வருஷம் உட்காராது. போறேன் என்றும் சொல்ல முடியாது, அதையும் நம்பிவிடும். ஜெபக்கனி வாயை மூடிக்கொண்டாள். பிள்ளையின் உள்ளங்காலில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பஸ் போய்விட்டது. இத்தனை வருஷம் இருந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறாளே என்று ஊருக்கு மனசு விட்டுப்போனது. விருந்தாளி மட்டும் அழாமல், பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

கரூர் போனாள், அதற்கப்புறம் ஈரோடு, பழனி, மறுபடி கரூர். எந்த ஊரிலும் பெட்டியைத் திறந்து அடுக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் குழாயைத்தான் பார்ப்பாள். டீயில் ஏலக்காய் தட்டிப்போட்ட நாளில் அவளுக்கு வேலை ஓடாது, டம்ளரை மூக்குக்கிட்ட வைத்துக்கொண்டு நின்றால், களத்துப் பேச்சுச் சத்தமும், வளையல் குலுங்கலும், ஜீப்புகள் மலையிறங்கும் உறுமலும் ஒவ்வொன்றாக வந்து சேரும். முருங்கை இப்போது எவ்வளவு உயரம் இருக்கும் என்று மனசுக்குள் வளர்த்துப் பார்ப்பாள், பிள்ளையை அதற்குப் பக்கத்தில் நிறுத்தி அதையும் வளர்ப்பாள், ரெட்டைச் சடை, தாவணி, காலேஜ் பை. போன் பண்ணினதில்லை. என்ன பேசினாலும் கடைசியில் வர்றேன் என்றோ பார்ப்போம் என்றோ முடிக்க வேண்டும், அதைச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை. என் வாழ்க்கை அங்கேதான் இருக்கிறது, நான் மட்டும்தான் இங்கே இருக்கிறேன் என்று ஒருமுறை கூடவேலை செய்தவளிடம் சொன்னாள், அவளுக்குப் புரியவில்லை.

வயதாயிற்று. கோயம்புத்தூரில் ஒற்றை அறை, எப்போதாவது யார் வீட்டிலாவது படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிடுவார்கள். ஒருநாள் காலையில் போன் அடித்தது. ஏஜென்சிதான் என்று எடுத்தாள்.

"சிஸ்டரா? நான் விருந்தாளி பேசுறேன்."

ஜெபக்கனி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கத்துக் குரல், நேற்றுப் பேசினதன் மிச்சத்தைப் பேசுகிறாற்போல நிதானமாகப் போனது. நம்பரை ஏஜென்சியில் கேட்டு வாங்கினாளாம். அம்மாவுக்கு இந்த வாரத்தோடு வேலை முடிகிறது. அந்த ஒரு சிஸ்டர் வேலைக்கு இனிமேல் தான்தான். குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, என்ன வாஷர் போட்டும் நிற்கவில்லை. நான் அன்னைக்கு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டேன் தாயி, உங்க எல்லாருக்கும் கோவம் இருக்கும் என்றாள் ஜெபக்கனி.

"எங்க போனீக? போறேன்னும் சொல்லல, போயிட்டு வர்றேன்னும் சொல்லல. அப்புறம் எப்படிப் போனதாகும்? ஊர்ல யார் கேட்டாலும், சிஸ்டர் இங்கனதான் எங்கயோ இருக்காகன்னுதான் நான் சொல்லுவேன். உங்க ரூம்ல வேற யாரையும் வைக்கவும் விடல." பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. "முருங்கை காய்ச்சுக் கிடக்கு. அம்மா குழம்பு வச்சு, உங்களுக்கு இலை போட்டுட்டு உக்காந்திருக்கு. மெதுவா வாங்க. ஒண்ணும் அவசரமில்ல."

பெட்டி கட்டிலுக்கடியில் இருந்தது. ஜெபக்கனி அதைத் தொடவில்லை. பர்ஸை எடுத்துக்கொண்டாள், செருப்பை மாட்டினாள், கதவைப் பூட்டிக்கொண்டே, பின்கட்டில் குழாயை மூடிவிட்டு வருகிறவள் குரலில் சொன்னாள்.

"இந்தா, வந்துட்டேன்."